வண்டியை எண்ணினோம், ஆளை எண்ணவில்லை

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்னையின் போக்குவரத்து நெரிசலைப் பற்றி 20 நிமிடம் பேச வேண்டும் என்று செயலாளர் பணித்திருக்கிறார். சாயங்காலம் ஆறு மணிக்கு 20 நிமிடத்தில் ஒரு சிக்னலைத் தாண்டுவதே அங்கே பெரும்பாடு. தலைப்பை எப்படித் தாண்டப் போகிறேனோ தெரியவில்லை. இருந்தாலும் முயல்கிறேன்.

தஞ்சாவூரில் வந்து சென்னை நெரிசலைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். இரண்டு காரணம் உண்டு. இந்த மண்டபத்தில் இருப்பவர்களில் பாதிப் பேர் பிழைப்புக்காகச் சென்னையில் இருக்கிறோம். மீதிப் பேர் இருக்கும் ஊர், சென்னை போன வழியிலேயே இப்போது போய்க்கொண்டிருக்கிறது. அங்கே நாங்கள் செய்த தப்பை இங்கே நீங்கள் செய்யாமல் இருக்க வேண்டும். 'நாங்கள்' என்று பன்மையில் சொல்லித் தப்பித்துக்கொள்ளப் பார்க்கவில்லை. நான் செய்த தப்பும் ஒன்று உண்டு. அதையும் இந்த மேடையில் சொல்லிவிடுகிறேன்.

ஊர் வளர்ந்த கதை

சென்னையில் 1895-லேயே மின்சார டிராம் ஓடியது. இந்தியாவில் அதுதான் முதல். 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் வந்தது. அதாவது, கார் என்பது ஜமீன்தார் வீட்டுச் சமாச்சாரமாக இருந்த காலத்திலேயே அந்த ஊர் ஜனங்களுக்குப் பொதுப் போக்குவரத்து இருந்தது. 1953-இல் டிராம் கம்பெனி நொடித்துப் போய் டிராம் நின்றது. அதன் பிறகு ஊரைத் தூக்கிச் சுமந்தவை பஸ்கள். 1972-இல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் வந்தது. அதற்கு அடுத்த ஆண்டு, 1973-இல், ஜெமினி மேம்பாலம் திறந்தார்கள். ஊரிலிருந்து சென்னைக்குப் போனவர்கள் அன்று அந்தப் பாலத்தைப் பார்த்துவிட்டு வந்து கதை கதையாய்ச் சொன்னதைப் பெரியவர்கள் நினைவில் வைத்திருப்பீர்கள்.

பிறகு ஊர் வீங்கியது. 1951-இல் சென்னை நகரத்தில் சுமார் 14 லட்சம் பேர். 2011 கணக்கெடுப்பில் புறநகரையும் சேர்த்துச் சுமார் 86 லட்சம். 2011-இல் மாநகராட்சி எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. 2022-இல் பெருநகரத் திட்டமிடல் எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரித்தார்கள். ஜனம் பெருகியதைவிட வேகமாக வண்டி பெருகியது. அங்கே சுற்றுவட்டாரத்தில் காரைச் செய்கிறோம், செய்த காரை ஓட்டத்தான் இடமில்லை.

நெரிசலுக்கு நாங்கள் கண்ட மருந்து என்ன? ரோட்டை அகலப்படுத்து, பாலம் கட்டு. பாலமே வேண்டாம் என்று சொல்கிற ஆள் நானில்லை. 2008-இல் வந்த கத்திப்பாரா மேம்பாலம் இல்லாவிட்டால் அந்தச் சந்திப்பு என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் பெரும்பாலான இடங்களில் ஒரு சந்திப்பின் நெரிசல் அடுத்த சந்திப்புக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். 1962-லேயே ஆந்தனி டவுன்ஸ் என்ற அமெரிக்கப் பொருளாதார நிபுணர் இதை ஒரு விதியாகவே எழுதி வைத்தார். நகரத்து விரைவுச் சாலையை எவ்வளவு பெரிதாகப் போட்டாலும், உச்ச நேர நெரிசல் அந்த அளவுக்கு உயர்ந்து அதை நிரப்பிவிடும் என்றார். காரணம் எளிது. ரோடு காலியானால், பஸ்ஸில் போனவர் வண்டியை எடுக்கிறார், காலை ஏழு மணிக்கே கிளம்பியவர் ஒன்பதுக்குக் கிளம்புகிறார், வேறு வழியில் சுற்றிப் போனவர் இந்த வழிக்கு வருகிறார். மூணே மாசம், ரோடு பழையபடி ஆகிவிடும்.

நான் போட்ட கணக்கு

இனி என் தப்புக்கு வருகிறேன்.

இங்கே படித்து முடித்துச் சென்னையில் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் சேர்ந்தேன். முதல் வேலை, சந்திப்புகளில் நின்று வண்டி எண்ணுவது. கையில் ஒரு படிவம். கார், இரு சக்கர வாகனம், ஆட்டோ, பஸ், லாரி, சைக்கிள் என்று கட்டங்கள். 15 நிமிடத்துக்கு ஒரு வரிசை. வெயிலில் நின்று கோடு போட்டுப் போட்டு எண்ணுவோம்.

எண்ணியதை அப்படியே கூட்ட முடியாது. காரும் லாரியும் ஒரே இடத்தை அடைப்பதில்லை அல்லவா? அதனால் எல்லாவற்றையும் கார் கணக்குக்கு மாற்றுவோம். கார் 1 என்றால் பஸ் சுமார் 3, இரு சக்கர வாகனம் சுமார் அரை. சிவில் படிக்கிற மாணவர்களுக்கு இது தெரிந்திருக்கும், பரீட்சையில் 2 மார்க் கேள்வி. நானும் 2 மார்க் வாங்கியவன்தான்.

இந்தக் கணக்கில் ஒளிந்திருக்கும் விஷயத்தைப் பாருங்கள். ஒரு பஸ்ஸில் 60 பேர் வருகிறார்கள். அதன் சுமை 3. மூன்று காரில் நாலு பேர் வருகிறார்கள். அதன் சுமையும் 3. எங்கள் தாளில் இரண்டும் ஒன்று! இதில் 60 பேர் எங்கே போனார்கள்? காணோம். நடந்து போகிறவர்? அவருக்குக் கட்டமே கிடையாது. அவர் பூஜ்யம்.

அந்த 60 பேரும் காருக்கு இரண்டு பேர் வீதம் வந்தால் 30 கார். நின்ற நிலையில் ஒட்டி ஒட்டி நிறுத்தினாலே 120 மீட்டர். ஓடும்போது இடைவெளியும் சேர்த்தால் 300 மீட்டர் தாண்டும். பஸ் பன்னிரண்டு மீட்டர். இந்தக் கணக்கைப் போட இன்ஜினியரிங் படிக்க வேண்டியதில்லை, ஐந்தாம் வகுப்பு போதும். ஆனால் அன்று நான் போடவில்லை. படிவத்தில் அதற்கு இடம் இல்லை, நானும் இடம் கேட்கவில்லை.

அப்படி எண்ணி நான் வரைந்த சந்திப்பு ஒன்று உண்டு. ஊரையும் பெயரையும் விட்டுவிடுகிறேன், வரைந்தது நான் என்பது போதும். இடது பக்கம் திரும்புகிற வண்டி சிக்னலுக்கு நிற்காமல் போக 'ஃப்ரீ லெஃப்ட்' கொடுத்தேன். அதற்கு இடம் வேண்டும். நடைபாதையில் வெட்டினேன். நடைபாதை குறைந்தது 1.8 மீட்டர் தடையில்லாமல் இருக்க வேண்டும் என்று இந்தியச் சாலைகள் காங்கிரஸின் 2012 வழிகாட்டி சொல்கிறது. என் வரைபடத்தில் மிஞ்சியது அதில் பாதி. அந்தப் பாதியிலும் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் நின்றுகொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளி, நடுத் தடுப்புச் சுவரில் ஜனங்கள் புகுந்து கடக்கிற ஓர் இடைவெளி இருந்தது. அதனால் வண்டி வேகம் குறைகிறது என்று அடைத்தேன். கணினியில் போட்டுப் பார்த்தால் வண்டிகளின் காத்திருப்பு நேரம் நன்றாகக் குறைந்தது. மேலதிகாரி முதுகில் தட்டிக் கொடுத்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அத்தை கேட்ட கேள்வி

எங்கள் ஊர் பேராவூரணிக்குப் பக்கம். 2024-இல் என் அத்தை கண் புரை ஆபரேஷனுக்காகச் சென்னைக்கு வந்தார்கள். ராத்திரி பஸ். முன்பெல்லாம் நம் பக்கத்து அரசு பஸ்கள் கோயம்பேடு வரை போகும். 2023 டிசம்பர் 30-இல் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்த பிறகு அங்கேயே இறங்க வேண்டும். நகரத்தின் நடுவிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். வெளியூர்ப் பஸ்கள் ஊருக்குள் வந்து முட்டிக்கொள்ளக் கூடாது என்ற எண்ணம் சரிதான், நானே அதை ஆதரித்தவன். ஆனால் பக்கத்திலேயே ரயில் பாதை போகிறது, நிலையம் திறந்த நாளில் அங்கே ரயில் நிற்க இடம் இல்லை. விடியற்காலை நாலரை மணிக்குப் பையும் தூக்குமாக இறங்குகிறவர் அங்கிருந்து எப்படி வீடு போய்ச் சேருவார் என்ற கேள்விக்குப் பதில் தயாராகும் முன்பே கட்டடம் தயாராகிவிட்டது.

இது புதிய பழக்கமும் அல்ல. கோயம்பேடு பஸ் நிலையம் 2002-இல் வந்தது, அங்கே மெட்ரோ வந்தது 2015-இல். பறக்கும் ரயில் 1995-இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை ஓடியது, 1997-இல் மயிலாப்பூர், 2007-இல் வேளச்சேரி. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு வெறும் 5 கிலோமீட்டர். அதை இணைத்தால் தாம்பரம் ரயிலோடும் மெட்ரோவோடும் சேர்ந்துவிடும். 2008-இல் தொடங்கிய அந்த வேலை நில வழக்குகளில் மாட்டி 15 வருஷத்துக்கும் மேல் இழுத்தது. பிரம்மாண்டமான ஸ்டேஷன்கள் கட்டினோம். ஸ்டேஷன் வாசலில் பஸ் நிற்கிறதா, அங்கே இருந்து நடக்க நடைபாதை இருக்கிறதா என்று பார்க்கவில்லை.

அத்தை கதைக்கு வருகிறேன். மறுநாள் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். பஸ்ஸில் இறங்கினோம். ஆஸ்பத்திரி எதிர்ப் பக்கம், கண்ணுக்கு நேரே போர்டு தெரிகிறது. ஆனால் கடக்க முடியவில்லை. இடது பக்கத்து வண்டி நிற்கவே நிற்காது, அது ஃப்ரீ லெஃப்ட். நடுவில் சுவர், இடைவெளி இல்லை. சிக்னலுக்கு நடந்து போகலாம் என்றால் நடைபாதையில் டிரான்ஸ்ஃபார்மர், அதைச் சுற்றி ரோட்டில் இறங்க வேண்டும். பச்சை விளக்கு விழுகிறது, ஆனால் விநாடிக்கு 1.2 மீட்டர் நடக்கிறவருக்குத்தான் அந்த நேரம் போதும். அதைத்தான் நாங்கள் கணக்கில் எடுப்போம். 24 மீட்டர் ரோட்டுக்கு 20 விநாடி. மூட்டு வலியோடு, ஒரு கண் மங்கலாக நடக்கிற அத்தைக்கு 40 விநாடி வேண்டும்.

ஆமாம், நண்பர்களே. அது நான் வரைந்த சந்திப்பு.

கடைசியில் ஒரு ஆட்டோ பிடித்தேன். ரோட்டைக் கடக்க ஆட்டோ! அவர் ஒரு கிலோமீட்டர் நேரே போய், திரும்பி, ஒரு கிலோமீட்டர் வந்து எதிர்ப் பக்கம் இறக்கிவிட்டார். 80 ரூபாய். அத்தை இறங்கி நின்று, நாங்கள் முதலில் நின்ற இடத்தை ஒரு நிமிஷம் பார்த்தார்கள். பிறகு என்னிடம் கேட்டார்கள்:

"ஏண்டா தம்பி, நம்மூர்ல வாய்க்காலத் தாண்டக்கூட ஒரு பனங்கட்டையப் போட்டு வச்சிருப்போமே. இவ்ளோ படிச்சவங்க இருக்கீங்க, இங்க ஒண்ணும் போடலையா?"

நான்தான் வரைந்தேன் என்று அத்தைக்குச் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. இந்த மலர் எங்கள் வீட்டுக்குப் போனால் தெரிந்துகொள்ளட்டும்.

கடைமடைக் கணக்கு

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கடைமடைக்காரன் பிள்ளை நான், இந்தத் தப்பை எப்படிச் செய்தேன் என்றுதான் நினைத்தேன்.

இங்கே விவரம் சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் வெளியூரிலிருந்து வந்து படிக்கும் மாணவர்களுக்காகச் சொல்கிறேன். மேட்டூர் அணை 1934-இல் வந்தது. வழக்கமாக ஜூன் 12 திறப்பு. கல்லணைக்கு வந்த தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரியும். பெரிய கோயிலை ஒட்டி ஓடுகிறதே, அதுதான் கல்லணைக் கால்வாய். அதன் கடைசிக் கோடியில் இருப்பவர்கள் நாங்கள். மேட்டூரில் இத்தனை ஆயிரம் கன அடி திறந்தாச்சு என்று பேப்பரில் போடுவார்கள். எங்கள் அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு மடைக்குப் போய்ப் பார்ப்பார். மடையில் தண்ணீர் வந்தால்தான் அது திறந்த மாதிரி. டெல்டாவில் எந்த நீர்வளத்துறை அதிகாரி வந்தாலும் ஜனங்கள் கேட்பது ஒரே கேள்வி: "கடைமடைக்கு வந்து சேர்ந்துதா சார்?"

எவ்வளவு திறந்தோம் என்பது தலைமடைக் கணக்கு. எங்கே போய்ச் சேர்ந்தது என்பது கடைமடைக் கணக்கு. போக்குவரத்தில் நாங்கள் போட்டதெல்லாம் தலைமடைக் கணக்கு. இத்தனை கோடி, இத்தனை கிலோமீட்டர், இத்தனை பாலம், மணிக்கு இத்தனை வண்டி. கடைமடையில் நிற்கிறவர்கள் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவரும் நடந்து போகிறவரும். அவர்கள் சிறுபான்மையும் இல்லை. 2008-ஐ ஒட்டிச் சென்னைப் பெருநகருக்காக எடுத்த விரிவான போக்குவரத்து ஆய்விலேயே, நடந்து போகும் பயணங்கள் நாலில் ஒரு பங்குக்கு மேல், பஸ் பயணங்கள் இன்னொரு நாலில் ஒரு பங்கு. கார் பத்தில் ஒன்றுகூட இல்லை. ஊரில் பாதிப் பேர் கடைமடையில் நிற்கிறார்கள்!

தண்ணீர் குறைவான வருஷத்தில் நம் முன்னோர் என்ன செய்தார்கள்? ஆற்றை அகலப்படுத்தவில்லை. முறை வைத்தார்கள். இத்தனை நாள் வெண்ணாறு, இத்தனை நாள் காவிரி, இத்தனை நாள் கால்வாய். இருப்பதைப் பங்கிட்டார்கள். ரோடும் குறைவான தண்ணீர் மாதிரிதான். அதைப் பங்கிட வேண்டும். 60 பேர் வரும் பஸ்ஸுக்கு ஒரு தடம், நடப்பவருக்கு ஒரு தடம், சிக்னலில் அவருக்கென்று நேரம். இது தானதர்மம் இல்லை, முறை.

ஆற்றில் தண்ணீர் விடுவதற்கு முன்னே தூர் வாருகிறோமே, அதையும் சென்னை மறந்தது. பாதி ரோட்டில் கார் நிறுத்தியிருக்கிறது. என்னைக் கேட்டால், நிறுத்திய வண்டிதான் ரோட்டில் படிந்த வண்டல். அதை வாராமல் புது வாய்க்கால் வெட்டி என்ன பயன்?

இன்னொன்று. கல்லணையில் பங்கீடு ஒரே கையில் இருக்கிறது. சென்னையில் ரோட்டுக்கு மாநகராட்சி, மாநில நெடுஞ்சாலைத் துறை, தேசிய நெடுஞ்சாலை ஆணையம்; சிக்னலுக்குக் காவல்துறை; திட்டத்துக்குப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்; பஸ்ஸுக்கு ஒரு கழகம்; ரயிலுக்குத் தெற்கு ரயில்வே; மெட்ரோவுக்குத் தனி நிறுவனம். எட்டுப் பேர் எட்டு மதகைத் திறந்தால் தண்ணீர் எப்படி ஒழுங்காகப் போகும்? இவர்களை ஒன்றாக உட்கார வைக்கத்தான் 2010-இல் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமச் சட்டம் வந்தது. நடைமுறைக்கு வந்தது 2019-இல். முதல் கூட்டம் நடந்தது 2022 நவம்பரில். ஒரு மேசையைச் சுற்றி உட்கார 12 வருஷம். ஆனாலும் உட்கார்ந்த பிறகு பலன் தெரிந்தது. பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே செயலியில் டிக்கெட் எடுக்கும் 'சென்னை ஒன்' 2025 செப்டம்பரில் வந்தது. முதலில் எளிதானதில் கை வைத்திருக்கிறார்கள், தப்பில்லை.

முடியாத காரியமா?

'இதெல்லாம் நம்மூரில் நடக்காது சார்' என்று சொல்லும் நண்பர்களுக்காக இரண்டு மூன்று உதாரணம் சொல்கிறேன்.

சிங்கப்பூரில் நம் மாவட்டத்துக்காரர்கள் நிறைய. 1975-இலேயே அங்கே, காலை நேரத்தில் நகர மையத்துக்குள் காரில் வந்தால் கட்டணம் என்று வைத்தார்கள். உலகத்தில் அதுதான் முதல். 1998-இல் அதையே மின்னணு முறைக்கு மாற்றினார்கள். காரை வெறுத்துச் செய்யவில்லை. ரோடு எல்லோருக்கும் பொது, நெரிசல் நேரத்தில் அதிக இடம் பிடிப்பவர் அதற்கு விலை கொடுக்கட்டும் என்ற நியாயம்.

தென் கொரியாவின் தலைநகரம் சியோல். அங்கே ஊர் நடுவே ஓர் ஓடை. அதை மூடி, அதன் மேல் உயர்மட்டச் சாலை கட்டியிருந்தார்கள். 2003-இல் அந்தச் சாலையை இடித்தார்கள். 2004-இல் பஸ் வழித்தடங்களை அடியோடு மாற்றி அமைத்து, ரோட்டின் நடுவில் பஸ்ஸுக்குத் தனித் தடம் போட்டார்கள். 2005-இல் ஓடை வெளிச்சத்துக்கு வந்தது. ஊர் ஸ்தம்பித்துவிடும் என்றார்கள், ஸ்தம்பிக்கவில்லை. அங்கே ஓடையின் மேலிருந்த ரோட்டை எடுத்தார்கள். நாமோ பறக்கும் ரயிலுக்காகப் பக்கிங்காம் கால்வாய்க்குள் தூண் இறக்கினோம்.

சென்னையிலேயே நல்லதும் நடந்திருக்கிறது. 2014-இல் மாநகராட்சி, நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்றது. 2019-இல் பாண்டி பஜாரில் நடைபாதையை அகலமாக்கி நடைபாதை வளாகம் திறந்தார்கள். கடைக்காரர்கள் வியாபாரம் போய்விடும் என்று பயந்தார்கள். இப்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போய்ப் பாருங்கள், குழந்தையைக் கையில் பிடிக்காமல் விட்டு நடக்கிறார்கள். சென்னையில் நடுரோட்டுப் பக்கம் குழந்தையின் கையை விட்டு நடப்பது சின்ன விஷயமில்லை.

நம்ம ஊர்

கடைசியாக, நம்ம ஊர்.

2014-இல் தஞ்சாவூர் மாநகராட்சி ஆனது. மருத்துவக் கல்லூரி சாலையில் நான் படிக்கும்போது வெறும் மனையாகக் கிடந்த இடமெல்லாம் இன்று வீடு. நேற்று மாலை பழைய பேருந்து நிலையத்திலிருந்து கீழவாசல் வழியாக நடந்து பார்த்தேன். நடைபாதையில் கடை, கடைக்கு முன்னால் பைக், பைக்குக்கு முன்னால் கார், காருக்கு வெளியே நான். சென்னையின் சாயல் நன்றாகவே தெரிந்தது. நம் கல்லூரி வாசலில் பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளைகள் இன்றைக்கும் வெயிலில்தான் நிற்கிறார்கள், படிக்கட்டில்தான் தொங்குகிறார்கள். நானும் தொங்கினேன். அன்று அது வீரம், இன்று நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

ஆனால் இந்த ஊருக்கு ஒரு ஞாபகம் இருக்கிறது. 2015 ஏப்ரலில், சுமார் நூறு வருஷத்துக்குப் பிறகு, பெரிய கோயில் தேர் ஓடியது. மேலவீதி, வடக்கு வீதி, கீழவீதி, தெற்கு வீதி. நான் லீவு போட்டு வந்திருந்தேன். அந்த நாலு வீதியில் மற்ற நாளில் எதிரும் புதிருமாக நாலு கார் வந்தால் மூச்சு முட்டும். அன்று அதே வீதி, அதே அகலம். ஆயிரக்கணக்கான ஜனம், நடுவில் அத்தனை பெரிய தேர். எல்லோரும் போனார்கள், எல்லோரும் வந்தார்கள். கிழவிகளும் போனார்கள், தோளில் பிள்ளையோடும் போனார்கள். வீதியில் இடமில்லை என்று நாம் சொல்வது உண்மையில்லை. வண்டிக்கு இடமில்லை, அவ்வளவுதான். ஆளுக்கு இடம் இருக்கிறது.

தினமும் தேரோட்டம் நடத்தச் சொல்லவில்லை. நெல் மூட்டை ஏற்றிய வண்டி போக வேண்டும், ஆம்புலன்ஸ் போக வேண்டும், கடைக்குச் சரக்கு வர வேண்டும். நான் கேட்பது, ரோடு போடும் முன்னே யார் அதில் போகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள் என்பதுதான். 2021 மே மாதத்தில் பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணமில்லாப் பயணம் வந்தபோது, ஒரத்தநாட்டுப் பக்கமிருந்தும் திருவையாற்றுப் பக்கமிருந்தும் வேலைக்கு வரும் பெண்கள் நிம்மதி அடைந்தார்கள். டிக்கெட் செலவு போனது. ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகு அவர்கள் நடக்கிற அரைக் கிலோமீட்டர்? அதை யாராவது எண்ணியிருக்கிறோமா?

ஆகவே ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். முன்னாள் மாணவர் சங்கம் ஒவ்வொரு வருஷமும் ஏதாவது நன்கொடை தருகிறது. பீரோ கொடுத்தோம், தண்ணீர்த் தொட்டி கொடுத்தோம். இந்த வருஷம் ஓர் எண்ணிக்கை கொடுப்போம். சிவில் மாணவர்கள் 40 பேர், ஒரு வேலை நாள், காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை. பழைய பேருந்து நிலையம், கீழவாசல், ரயில் நிலையம், மருத்துவக் கல்லூரி, நம் கல்லூரி வாசல் ஆகிய ஐந்து இடங்களில் நிற்போம். வண்டியையும் எண்ணுவோம், வண்டிக்குள் எத்தனை தலை என்றும் எண்ணுவோம். நடந்து போகிறவரை முதலில் எண்ணுவோம். ஒரு பாட்டி ரோட்டைக் கடக்க எத்தனை விநாடி ஆகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்ப்போம். அதை ஒரு சின்ன அறிக்கையாக்கி மாநகராட்சிக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் கையில் கொடுப்போம். ஏற்பார்களா மாட்டார்களா என்பது அடுத்த விஷயம். அடுத்த முறை இந்த ஊரில் ஒரு சந்திப்பை வரைகிற இளைஞன், ஒருவேளை இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் உங்களில் ஒருவர், 'எனக்குத் தெரியாது' என்று சொல்ல முடியாதல்லவா? எனக்கு அன்று தெரியாது. தெரிந்துகொள்ள முயலவும் இல்லை.

படிவம் நான் தயார் செய்து எடுத்து வருகிறேன். அதில் முதல் கட்டம் நடப்பவருக்கு, இரண்டாவது பஸ் பயணிக்கு. தேதியைத் துறைத் தலைவர் சொல்லட்டும், லீவு போட்டு வந்துவிடுகிறேன். கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறித்தான் வருவேன்.

மாணவர்களுக்கு ஒரே வார்த்தை. நாளைக்கு நீங்கள் எந்த ஊருக்குப் போய் எந்தப் பெரிய திட்டத்தை வரைந்தாலும், கையெழுத்துப் போடும் முன் நம்மூர் விவசாயி கேட்கிற கேள்வியை ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்: கடைமடைக்கு வந்து சேருமா?

அந்தச் சந்திப்பில் என் பனங்கட்டையை நான் இன்னும் போடவில்லை. திருத்திய வரைபடம் ஒன்றை எழுதிக் கொடுத்திருக்கிறேன், பதில் வரவில்லை. மறுபடியும் கொடுப்பேன்.